கறைப் பல்லும் ஸர்வகலாசாலையும்

ஓசூர்

சிரஞ்சீவி மைதிலிக்கு,

பாடம் சொல்வது கல்லூரி, வைத்தியம் பார்ப்பது ஆஸ்பத்திரி, பரீட்சைத் தாளும் பட்டமும் மட்டுமே சென்னையிலிருந்து வருகின்றன, அப்படியிருக்கப் பல்கலைக்கழகம் ஒன்று எதற்கு என்று, கிருஷ்ணகிரியில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து இரண்டு மாதம் நிரம்புவதற்குள் நீ எழுதிக் கேட்டிருக்கிறாய். குறும்புக் கேள்விதான், ஆயினும் ஸர்வகலாசாலை என்பதை (எனக்கு எழுத்துப் பழகிய காலத்துச் சொல் அது, பொறுத்துக்கொள்) முத்திரை குத்தும் கச்சேரியாகவே எண்ணிக் காலங்கழித்த பெரியவர்கள் பலர் இருக்க, நீ கேட்கவாவது கேட்டாயே என்று சந்தோஷமடைந்தேன்.

நாம் குடியிருக்கும் ஜில்லா விசித்திரமான மூலையில் அமைந்தது. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால் கன்னட நாடு. வேப்பனப்பள்ளிக்கு அப்பால் ஆந்திரம். நம்முடையதோடு சேர்த்து மூன்று ராஜ்யங்களும் மருத்துவக் கல்விக்கென்றே தனி ஸர்வகலாசாலை கண்டவை: விஜயவாடாவில் 1986இலும், சென்னைக் கிண்டியில் 1988இலும், பெங்களூரில் 1996இலும் அவை தோன்றின. அதற்கு முன்னர் சென்னை, மதுரை முதலிய பொதுப் பல்கலைக்கழகங்களின் கீழ்ப் பிரிந்து கிடந்த நம் மருத்துவக் கல்லூரிகள், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வந்த பிறகே பல் வைத்தியம், நர்ஸிங், மருந்தியல், சித்த வைத்தியம் ஆகியவற்றோடு ஒரு குடைக்கீழ் வந்தன, அளவுகோல் ஒன்றாயிற்று.

அந்த அளவுகோலை அற்பமென்று நினைத்துவிடாதே. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் என்ற அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையுடன் வைத்தியம் தொடங்கி, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாய்ப் போய் மருந்து கொடுத்து, 1918இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியையும் ஏற்படுத்தினார். அங்கே கிடைத்தது பட்டமன்று, அதற்குக் கீழ்ப்படியான சான்று. ஸர்வகலாசாலைப் பட்டம் பெற்றவரே டாக்டராகலாம் என்று சர்க்கார் விதித்தபோது, பள்ளியை இழுத்து மூடுவது சுலபமாயிருக்க, ஆசிரியருக்கும் பணத்துக்கும் கருவிகளுக்கும் அலைந்து 1942இல் அதைச் சென்னை ஸர்வகலாசாலையோடு இணைந்த கல்லூரியாக உயர்த்தினார்கள். முத்திரையின் கண்டிப்பு வேலூரை வளர்த்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைப் பார்த்து, இவற்றைச் சத்திர சிகிச்சையால் நிமிர்த்த முடியாதா என்று அதே வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் கேட்ட கேள்வியை எந்தப் பரீட்சைத் தாளும் அவருக்குக் கொடுக்கவில்லை. நோயாளியின் கைதான் கொடுத்தது.

வகுப்பும் வார்டும் சோதனைச்சாலையும் பிரியாமல் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதை 1893இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி உலகுக்குச் செய்துகாட்டியது. நான் நாலாவதாக ஒன்றைச் சேர்ப்பேன்: ஊர்.

நம் பக்கத்துக் குழந்தைகளின் பல்லையே எடுத்துக்கொள். சிரித்தால் பழுப்புக் கோடு தெரியும்; சரியாகத் துலக்கவில்லை என்று தாய் அடிப்பாள். குற்றம் குழந்தையினுடையதன்று, தண்ணீரினுடையது. நம் கருங்கல் பூமியில் ஆழத்து நீர் பாறையிலுள்ள ஃப்ளோரைடைக் கரைத்து வருகிறது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், பல் உருவாகும் வயதில் அது எனாமலைக் கெடுக்கிறது; பல வருஷம் குடித்தவர்களுக்கோ முதுகும் முழங்காலும் விறைத்துப்போகின்றன. இந்த வியாதி மனிதரிடம் இருப்பதை அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கத்தில் கண்டு, ஷார்ட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1937இலேயே எழுதிவிட்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013இல். இடையே 76 வருஷம்! ஏட்டில் ஏறிய அறிவு குழாயடிக்கு வந்துசேர இத்தனை காலமா என்று நீ கேட்க வேண்டும். குழாய் பதிப்பது ஸர்வகலாசாலையின் வேலையன்று. ஆனால் எந்தக் கிணற்றில் எவ்வளவு, எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லி, பதிக்க வேண்டியவர்களைத் தூங்கவிடாமல் செய்வது அதன் வேலை. அதைச் செய்யாமல் பட்டம் மட்டும் வழங்குமானால், உன் குறும்புக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது.

2022 ஜனவரி 12இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் உன்னுடையதும் ஒன்று. புதுக் கல்லூரி என்று சிலர் இளக்காரமாய்ப் பேசுவார்கள், பேசட்டும். கருங்கல் குவாரித் தூசி நுரையீரலை என்ன செய்கிறது, சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ஷிப்ட் மாறி மாறி உழைக்கிறவனின் தூக்கமும் இரத்தக் கொதிப்பும் என்னவாகின்றன என்பதையெல்லாம் கிண்டியில் உட்கார்ந்து அறிய முடியாது. நீங்கள் இங்கிருந்து எழுதி அனுப்பினால்தான் அங்கே அது பாடமாகும்.

பொங்கல் விடுமுறைக்கு வரும்போது ஒரு நோட்டுப் புஸ்தகம் கொண்டு வா. தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரண்டு மூன்று கிராமங்களுக்குப் போய்வருவோம். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று தமிழில் மட்டும் கேட்டால் போதாது. கன்னடத்துக்கு எதிர்வீட்டு அம்மாள் இருக்கிறார்; தெலுங்கை உன் பாட்டி சொல்லித் தருவாள்.

இங்ஙனம்,
தாத்தா