பழைய ஹெரால்டு ஆடுகிறதா? பாகத்தை மாற்றும் முன் பாருங்கள்

புதுச்சேரி ஒயிட் டவுன் வீதிகளில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு திரும்புவதைப் பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும் கார் அது. டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவமான இதை, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. 1962-ல் பிரிட்டனில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டீயரிங்கும் முன்சக்கர அமைப்பும் ஹெரால்டு வழி வந்தவையே. அதனால் இங்கே சொல்பவை இரண்டுக்கும் பொருந்தும்.

இந்தக் கார்களுக்குப் பாகம் கிடைப்பது அரிது. தவறாகக் கணித்து நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டால் இழப்பு பெரிது. பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: ஸ்டீயரிங்கில் பிளே இருந்தால் ரேக் தேய்ந்துவிட்டது.

உண்மை: ரேக்கைச் சேஸியோடு பிடித்திருப்பவை இரண்டு ரப்பர் கட்டைகளும் யு-போல்ட்டுகளும். என்ஜின் ஆயில் சொட்டிச் சொட்டி அந்த ரப்பர் ஊறி இளகிவிடும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சற்றே அசைக்கட்டும். நீங்கள் பானட்டைத் திறந்து ரேக் குழாயையே பாருங்கள். குழாய் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்தால் பழுது ரப்பரில்தான். குழாய் அசையாமல் இருந்தால், அடுத்து டை ராட் முனைகளைப் பாருங்கள். ரேக்கைக் குறை சொல்வது அதற்கும் பிறகுதான்.

நம்பிக்கை: முன்சக்கர டிரனியனுக்கு கிரீஸ் அடித்தால் போதும்.

உண்மை: இந்தக் கார்களில் பெரும் ஆபத்தை உண்டாக்கும் தவறு இது. முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை, பித்தளை நிற டிரனியனுக்குள் திருகாணிபோல் இறங்கி, நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுழல்கிறது. தயாரிப்பாளர் சொன்னது 90 கியர் ஆயில். கிரீஸ் அந்த மரைகளின் இடுக்கு முழுவதும் பரவாது, நாளடைவில் கட்டிப்போகும். உள்ளே தண்ணீர் புகுந்து துரு ஏறினால் தண்டு மரையிலேயே முறியும்; சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். ஸ்டீயரிங் கனமாகிவருவது இதற்கு ஒரு முன்னறிவிப்பு. டயரில் காற்று சரியாக இருந்தும் கனமாக இருந்தால் முதலில் டிரனியனைப் பாருங்கள்.

நம்பிக்கை: ஜாக்கியில் தூக்கிய சக்கரம் ஆடினால் பேரிங் போய்விட்டது.

உண்மை: ஸ்டாண்டு வைத்துத் தாங்கிய பின், சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் டிரனியன் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால் டை ராட் பக்கம் பாருங்கள்.

நம்பிக்கை: ஒரு பக்கம் இழுத்தால் வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும்.

உண்மை: முதலில் நான்கு டயர்களிலும் காற்றை அளவுப்படி நிரப்புங்கள். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, முன்சக்கரங்கள் இரண்டின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் முன்டயர்களை இடம் வலமாக மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. அலைன்மென்ட் இவற்றுக்குப் பிறகே.

நம்பிக்கை: பின்சக்கரம் சாய்ந்து நின்றால் கமான் பட்டை போய்விட்டது.

உண்மை: ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் ஆக்சிலில் நிற்பவை. ஜாக்கியில் தூக்கினால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே மடங்கும். இறக்கிய பிறகும் டயரின் பிடிப்பு அதே சாய்விலேயே நிறுத்திவைக்கும். வண்டியைப் பத்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளந்து பாருங்கள். அப்போதும் சக்கரங்களின் மேற்பகுதி நன்றாக உள்ளே சாய்ந்திருந்தால்தான் பட்டை தளர்ந்திருக்கிறது என்று பொருள். இந்த ஆக்சிலுக்கு வேகமான வளைவில் திடீரென ஆக்சிலரேட்டரை விடுவது ஆகாது. பின்பகுதி எழும்பிச் சக்கரம் மடங்கும், வண்டி வழுக்கும். ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கேசல் காரில் நேரான ஆக்சில் என்பதால் அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

நம்பிக்கை: ஷெட்டில் நிற்கும் வண்டிக்குக் கேடு இல்லை.

உண்மை: கடற்கரை ஊரின் உப்புக் காற்று ஷெட்டுக்குள்ளும் வரும். சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், பின்சக்கரத்தை நிலைநிறுத்தும் கம்பியின் பிடிமானம் ஆகியவை அடியிலிருந்து அரித்துப்போகும். பிடிமானம் தளர்ந்தால் பின்சக்கரமே வண்டியைத் திருப்பும். எந்த அலைன்மென்டும் அதைச் சரிசெய்யாது. டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் முதுமை அடையும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 1419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரத்தில் செய்தது.

முதலில் காற்று, அடுத்து டயர், பிறகு ரப்பரும் புஷ்ஷும், அதன்பின் ஆயில், கடைசியில்தான் பாகம். இந்த வரிசையை உங்கள் மெக்கானிக்கோடு சேர்ந்து ஒருமுறை செய்து பாருங்கள். டிரனியனில் ஆட்டமோ துருவோ தெரிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்; சரிசெய்யும் வரை அந்த வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள்.