வெளிவளியிலுள்ள சேதன மாசுகளுக்கு மாதிரி எடுத்தல்

வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் விசிறப்படும் பீடைநாசினி முழுவதும் பயிரிலே தங்குவதில்லை. ஒரு பகுதி காற்றோடு செல்லும். நிலத்தில் விழுந்ததும் வெயிலேற ஆவியாகி மேலெழும். எந்தோசல்பன் இவ்வாறு நெடுந்தூரம் செல்லவல்லது. இலங்கையில் அது 1998ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. 2011இல் ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. இத்தகைய தடையின் பயனை அறிய வளியையே சோதித்தல் வேண்டும். மணமில்லை என்பதால் நஞ்சில்லை என்று கொள்ளலாகாது.

மின்பம்பி முறையில், வளி முதலில் இழைவடிதாளினூடும் பின்னர் பொலியூரிதேன் பஞ்சினூடும் இழுக்கப்படும். தூசியிற் படிந்த மாசு தாளிலும், ஆவியாயுள்ளது பஞ்சிலும் தங்கும். ஒரு நாளில் ஏறக்குறைய 300 கனமீற்றர் வளி செல்லும். அளவு திட்டமாகத் தெரிவது இதன் சிறப்பு. ஆயின் மின்சாரமில்லாத வயல்வெளிக்கு இது உதவாது.

அங்கே பம்பியில்லா முறையே ஏற்றது. 14 சதமமீற்றர் விட்டமுள்ள பஞ்சுத்தட்டொன்று, மழையும் வெயிலும் படாதவாறு இரு உருக்குக் கிண்ணங்களுக்கிடையே பொருத்தித் தொங்கவிடப்படும். காற்று இடைவெளியால் நுழையும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கனமீற்றர் வளியிலுள்ள மாசையே பஞ்சு பற்றுமாதலால் அதை 3 மாதமளவில் விட்டுவைப்பர். மாசு மிகுந்த நாள் எதுவென இது காட்டாது. அக்காலத்தின் சராசரியையே காட்டும்.

பிழைகள் பெரும்பாலும் கையாள்வதிலேயே நேர்கின்றன. மருந்து பட்ட கையாற் பஞ்சைத் தொட்டால் மூன்று மாத வேலையும் பாழாகும். இதனை அறியவே, வயலிற் திறந்து உடனே மூடிய வெறும்பஞ்சொன்றும் உடன் அனுப்பப்படுகின்றது. கழற்றிய பஞ்சு அலுமினியத்தாளிற் சுற்றப்பட்டுக் குளிரில் ஆய்வுகூடஞ் சேர்தல் வேண்டும். கருவி தொங்கும் தோட்டத்துக் கமக்காரர், விசிறிய மருந்தின் பெயர், நாள், அருகிற் குப்பை எரித்த நாள் ஆகியவற்றைக் குறித்து அதனுடன் கொடுத்தல் வேண்டும்.