முத்திரிக்கிணறும் நம் பந்தியும்



அன்புக்கொடி மக்களே, ஆண்கள் பதிக்குள் தலைப்பாகை கட்டி நிற்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. அன்றைய திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்டவர் தலைப்பாகை கட்டக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது. பெண்கள் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்கவும் தடை. தலைக்கும் வரி. நாடார் பெண்கள் தோளை மறைக்க 1859-இல்தான் அரசு ஒத்துக்கொண்டது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாதாம்! அதற்கு முன்பே அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் முத்திரிக்கிணற்றில் சேர்ந்து தண்ணீர் கோர வைத்தார், கூடியிருந்து உண்ண வைத்தார், தலைப்பாகையும் கட்டச் சொன்னார்.

இன்று சாதியோடு காசும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. போன ஆவணியில் எங்கள் நிழல்தாங்கலில் தருமச்சோறு விளம்பும்போது, காரில் வந்த ஒருவருக்கு நானே ஓடிப்போய் நாற்காலி போட்டேன். அவருக்கே முதலில் விளம்பினேன். அதற்கு வெகுநேரம் முன்பே வந்து தரையில் இலைமுன் இருந்த செங்கல்சூளைத் தம்பி ஒருவர், “அண்ணே, இங்கேயும் அப்படித்தானா?” என்று மெல்லக் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அன்று பணிவிடை முடிந்து பள்ளியறைக் கண்ணாடி முன் நின்றேன். அதில் தெரிவது நம் முகம்தானே. நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

இப்போது வந்து அமர்ந்த வரிசைப்படிதான் விளம்புகிறோம். நாற்காலி, முட்டுவலி உள்ள பாட்டிமாருக்கு மட்டும். ஞாயிறுதோறும் வாளியோடு நிற்கும்போது வாசலைப் பார்க்கிறேன். அந்தத் தம்பி இன்னும் வரவில்லை.