ஒரு தகடு, பல படம்

அச்சுப்படம் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஊர் ஆன்ட்வெர்ப். அங்கே ஹியரோனிமஸ் காக் என்ற பதிப்பாளர் 1559-லும் 1561-லும் இயற்கைக் காட்சிப் படங்களை அச்சிட்டார். ராஜா கதை இல்லை, சாமி கதை இல்லை. சும்மா கூரை வீடு, மரம், மண்பாதைதான்! ஊர்ப்பக்கம் நேரில் பார்த்து வரைந்தவை என்று முகப்பிலேயே போட்டார்.

செய்முறை: செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கோடு கீற வேண்டும். அமிலத்தில் வைத்தால் கீறிய இடம் மட்டும் அரிக்கும். பூச்சை நீக்கி, பள்ளத்தில் மை நிரப்பி, மேலே உள்ள மையைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் இடம் வலமாக மாறி விழும். ஒரே தகட்டில் நிறையப் படம் எடுக்கலாம்!

நம் பக்கத்தையும் இப்படி அச்சிட்டிருக்கிறார்கள். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள் 1792-93-ல் தென்னாட்டில் சுற்றி வரைந்தார்கள். பிறகு லண்டனில் வெளியிட்ட 144 இந்தியக் காட்சிகளில் திருச்சி மலைக்கோட்டையும் தஞ்சைப் பெரிய கோயிலும் உண்டு.

சரி, நம்ம கண்மாயை, ஓட்டு வீட்டை யார் வரைவாங்க? ஆன்ட்வெர்ப் குடிசைகள் 450 வருஷம் தாண்டியும் தாளில் இருக்கு. அடுத்த இதழுக்கு ஆளுக்கொரு படம் வரைந்து வாங்க. கீழே ஊர்ப் பெயர், வருஷம் எழுத மறக்காதீங்க!