தன் உடலைத் தான் காணுதல்: அளந்தறியும் முறை

போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் ஏலத் தோட்டங்கள். மாநில எல்லை இங்கே சாலையைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. எனினும் இருபுறத்துத் தமிழரும் உறவினரைக் கண்டவுடன் கேட்பது ஒன்றே: "என்ன, இப்படி இளைத்துப் போய்விட்டாய்?" இளைப்பு இவ்வழக்கில் துன்பத்தின் அடையாளம். காசநோய்க்கு எலும்புருக்கி எனப் பெயரிட்ட மக்கள் மெலிவை அஞ்சியதில் வியப்பில்லை. "பூசினாற்போல் இருக்கிறாள்" என்பதோ பாராட்டு. ஆகவே எடைப்பொறி ஒன்று கூற, மனம் வேறொன்று கூறுதல் இயல்பு. அவ்விடைவெளியை அளப்பது எங்ஙனம்?

முதற்கண் உடல் நிறைக் குறியெண். எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க இது கிடைக்கும். 150 சென்டிமீட்டர் உயரமும் 54 கிலோ எடையும் உள்ள ஒரு தாயைக் கொள்வோம். 54-ஐ 2.25-ஆல் வகுக்க 24. உலக வழக்கில் 18.5-க்குக் கீழ் மெலிவு, 25 முதல் மிகை எடை. அதன்படி இவர் இயல்பானவர். ஆனால் இந்தியர் உடலில் அதே குறியெண்ணிலும் கொழுப்பு மிகுதியாதலால், 2009-ஆம் ஆண்டில் நம் நாட்டு வல்லுநர்கள் 23-ஐயே மிகை எடையின் தொடக்கமாகக் கொண்டனர். இதன்படி அவர் எல்லையைக் கடந்துவிட்டார். அவரோ தம்மை ஒல்லியென்றே கருதக்கூடும்.

அக்கருத்தை அறிய உதவுவது உருவப் படவரிசை. 1983-இல் ஸ்டங்கார்டும் அவர்தம் துணைவரும் மிக மெலிந்தது முதல் மிகப் பருத்தது வரை ஒன்பது கோட்டுருவங்களை வெளியிட்டனர். அவை மேலைநாட்டு உடல்வாகைக் காட்டுவன. ஆப்பிரிக்க மக்களுக்கு அவை பொருந்தாமை கண்டு, மெய்யான மனிதரின் புகைப்படங்களைக் கொண்டு, முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் காட்டும் புதிய படவரிசை ஒன்று 2015-இல் வெளியிடப்பட்டது. மௌரித்தானியாவில் பருமனே அழகெனப் பெண்மக்களுக்கு வலிந்து உணவூட்டும் வழக்கம் இருந்துவந்துள்ளது. தென்னாப்பிரிக்காவிலோ, எய்ட்சு பரவிய காலத்தில் எடை குறைந்தால் ஊரார் ஐயுறுவர் என்ற அச்சம் பெண்களிடையே காணப்பட்டது. நமது எலும்புருக்கி அச்சத்தினின்றும் இது வெகுதொலைவில் இல்லை. பிறநாட்டுப் படத்தை அப்படியே கொணர்ந்து ஏலக்காய் பறிக்கும் பெண்ணிடம் நீட்டினால், அவர் தம்மை அதில் காணமாட்டார். அளந்தவர் மட்டுமே எதையோ கண்டதாக எண்ணிக்கொள்வார்.

களத்தில் வரிசைமுறை முக்கியமானது. முதலில் படம், பிறகே எடை. எண்ணைக் கேட்டபின் படத்தைக் காட்டினால் விடை எண்ணைத் தழுவிவிடும். படங்களை வரிசையாக அடுக்கிக் காட்டினால் பலரும் நடுப்படத்தையே தொடுவர். ஆதலின் தனித்தனி அட்டைகளாகக் கலைத்து வைத்தல் நன்று. மூன்று வினாக்கள் போதும்: இன்று நீங்கள் எதைப் போல் இருக்கிறீர்கள்? எதைப் போல் இருக்க விரும்புகிறீர்கள்? எது உடல்நலமுள்ளது? முதல் விடையை அளந்த குறியெண்ணோடு ஒப்பிட்டால் கணிப்பின் பிழை விளங்கும். முதலிரண்டு விடைகளின் வேறுபாடு மனநிறைவின்மையைக் காட்டும். மூன்றாவதை ஒருபோதும் விடாதீர்கள். விருப்பமும் நலமும் ஒன்றென எண்ணுகிறாரா என்பதை அதுவே சொல்லும். மாமியாரும் கணவரும் சூழ நிற்கையில் வினவுதல் வீண்.

மலைத்தோட்டத்தில் குளிருக்கு அணியும் கம்பளிச் சட்டையையும் காலணியையும் களையச் செய்க. பொறியைச் சமதளப் பலகைமேல் வைத்து, தெரிந்த எடையொன்றால் நாள்தோறும் சோதித்துக்கொள்க.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், குறியெண் 25-ம் அதற்கு மேலும் உள்ள பெண்கள் தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு, கேரளத்தில் 38.1, மெலிந்தோர் முறையே 12.6, 10.1. இரு கேடுகளும் ஒரே தெருவில் குடியிருக்கக்கூடும். தம்மை ஒல்லியெனக் கருதும் பருத்தவர் நீரிழிவுச் சோதனைக்கு வரமாட்டார். தம்மைப் பருமனெனக் கருதும் மெலிந்த மாணவி காலையுணவைத் துறப்பாள்.

ஆசிரியருக்கு ஒரு சொல். மேற்கூறிய எல்லைகள் வளர்ந்தோர்க்கே உரியன; 18 வயதுக்குட்பட்டோர்க்கு வயதும் பாலும் நோக்கிய வளர்ச்சி வரைபடத்தையே பயன்படுத்துக. வகுப்பறையில் எடையை உரக்கப் படிக்கும் வழக்கம் இன்னும் சில பள்ளிகளில் உண்டு. அதை விடுத்து, எண்ணைத் தாளில் குறித்து மடித்து அம்மாணவியின் கையிலேயே கொடுக்கலாம்.