கான்வஸ் ஓரத்தைக் கவனியுங்கள், சட்டச் செலவு மிச்சம்!

இப்போது ஒரு படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்தால், கான்வஸ் வாங்கிய காசைவிடச் சட்டக் காசு கூடிவிடுகிறது. அதனால் பிள்ளைகள் சித்திரப் பாடத்துக்கு வரைந்ததும் சரி, எல்ல பக்கம் வரும் வெளிநாட்டுக்காரருக்கு விற்க வரைந்ததும் சரி, சட்டமில்லாமலே சுவருக்குப் போகிறது. போகட்டும், தப்பில்லை. ஆனால் லயக் காம்பராவில் தள்ளி நின்று படத்தை நேரே பார்க்க இடம் ஏது? வாசலில் நுழையும்போதே பக்கவாட்டில்தான் கண் படும். ஓரம் அழுக்கு வெள்ளையாக, விரல் அடையாளத்தோடு கிடந்தால் நல்ல படமும் பாதியில் விட்ட வேலையாகத்தான் தெரியும். கையில் உள்ளதை வைத்தே ஓரத்தை முடிக்க இதோ சில வழிகள்.

1. கான்வஸ் வாங்கும்போதே திருப்பிப் பாருங்கள். துணியைப் பின்பக்கம் மடித்து ஸ்டேப்பிள் அடித்திருந்தால் ஓரத்தை வர்ணத்தாலேயே முடித்துவிடலாம். பக்கத்தில் ஆணி தெரிந்தால் நாடாவோ ரீப்பையோ வேண்டிவரும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

2. 12க்கு 16 அங்குலப் படத்தின் முகப்பு 192 சதுர அங்குலம். கட்டை ஒன்றரை அங்குலக் கனம் என்றால் நான்கு ஓரமும் சேர்ந்து 84 சதுர அங்குலம் வரும், கிட்டத்தட்டப் பாதிப் படம்! "ஓரம்தானே" என்று கொஞ்சமாகக் குழைத்தால் மூன்றாவது பக்கத்தில் வர்ணம் தீரும், அதே நிறம் மறுபடி கிடைக்காது.

3. ஆகவே ஓர நிறத்தை ஒரே தரத்தில் குழைத்துவிடுங்கள். கழுவிக் காயவைத்த யோகட் கோப்பை குழைக்க வசதி. மிஞ்சியதை மூடி இறுகும் சின்னப் போத்தலில் ஊற்றி, எந்தப் படத்துக்குரியது என்று எழுதி வைத்தால் பின்னால் உரசிப்போன இடத்தைத் தொட்டுச் சரிசெய்யலாம்.

4. பொதுவாக எல்லாரும் ஓரத்துக்குக் கறுப்பு அடிப்பார்கள். இரவுக் காட்சிக்கு அது சரி, அப்புத்தளை மூடுபனிக்குக் கறுப்பு ஓரம் போட்டால் மரண அறிவித்தல் மாதிரி இருக்கும். பனிப்படத்துக்கு வெளிர் சாம்பல் போடுங்கள். தேயிலை மலைக்குக் கரும்பச்சையில் துளி செம்பழுப்பு கலந்தால் கறுப்பின் அழுத்தமும் வரும், முகமும் வாடாது.

5. நிறம் தேர்ந்தெடுக்கக் குழப்பமா? கண்ணைப் பாதி மூடிப் படத்தைப் பாருங்கள், எது அதிகமாகத் தெரிகிறதோ அதைவிட ஒரு படி கருமையாக எடுங்கள்.

6. பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் செரா தன் படங்களைச் சுற்றி எதிர் நிறப் புள்ளிகளால் மெல்லிய கரை வைத்தார், முன்பே முடித்திருந்த பெரிய படத்துக்குக்கூடப் பிறகு கரை சேர்த்தார். நமக்கு அதற்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி போதும். பச்சைப் படத்துக்குச் செம்புள்ளி, நீல வானத்துக்குச் செம்மஞ்சள் புள்ளி என்று ஓரத்தில் வைத்துப் பாருங்கள். லீவு நாளில் பிள்ளைகளிடம் கொடுத்துவிடக்கூடிய வேலை.

7. முகப்பில் உள்ள காட்சியையே ஓரத்துக்கும் நீட்டினால் அழகுதான், ஆனால் எதை நீட்டுகிறோம் என்று பாருங்கள். வானம், மலை, தேயிலை நிரை எல்லாம் திரும்பலாம். ஆள் முகம், கோயில் கோபுரம், ரயில் திரும்பக் கூடாது. தெமோதரைப் பாலம் 1921இலிருந்து ஒன்பது வளைவோடு நிற்கிறது. கடைசி வளைவு ஓரத்துக்குப் போய்விட்டால் முன்னால் எட்டுத்தான் மிஞ்சும், வாங்குகிறவர் நிச்சயம் எண்ணிப் பார்ப்பார்! முக்கியமானதெல்லாம் விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே இருக்கட்டும்.

8. அடுத்த படத்துக்கு இதைச் செய்யுங்கள்: முதல் அடிநிறம் பூசும்போதே ஓரத்துக்கும் சேர்த்துப் பூசிவிடுங்கள். முகப்பில் வேலை செய்யும்போது வழிகிறதெல்லாம் அதே நிறத்தில் கலந்துபோகும், கடைசியில் ஒரே ஒரு பூச்சுப் போதும்.

9. பின்பக்கக் கட்டையின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு ட்ரோயிங் பின் குத்துங்கள். படம் மேசையிலிருந்து கொஞ்சம் உயர்ந்து நிற்கும், நான்கு ஓரத்தையும் ஒரே மூச்சில் அடித்துவிட்டு அப்படியே காயவிடலாம். ஒரு பக்கம் காயக் காத்திருந்து திருப்புகிற தொல்லை இல்லை.

10. தூரிகையை முகப்பிலிருந்து வெளிப்பக்கமாக இழுங்கள். வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் விளிம்பில் வர்ணம் திரண்டு முகப்பில் ஏறும்.

11. நல்ல தூரிகையை ஓரத்தில் தேய்த்து வீணாக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் புது ஸ்பஞ்சில் ஒன்றரை அங்குலத் துண்டு வெட்டி உடுப்புக் கிளிப்பில் மாட்டினால் கோடு விழாமல் பூசலாம், கையிலும் ஒட்டாது.

12. மாஸ்கிங் டேப் ஒட்டியும் நிறம் உள்ளே கசிகிறதா? டேப் விளிம்பின் மேல் முதலில் முகப்பின் நிறத்தையே மெல்லிசாக ஒரு தரம் இழுத்துக் காயவிடுங்கள். கசிகிறது அந்த நிறமே என்பதால் கண்ணுக்குத் தெரியாது, சந்தும் அடைபட்டுவிடும். அதன்பிறகு ஓர நிறத்தைப் பூசினால் பிளேடால் வெட்டின மாதிரி நேர்கோடு.

13. டேப்பை வர்ணம் முழுக்கக் காயுமுன், படத்தை விட்டு விலகும் பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள். வெயிலில் மறந்து விட்டால் பசை தங்கிவிடும். எண்ணெய் வர்ணப் படம் என்றால் வாரக்கணக்கில் காய்ந்திருந்தாலொழிய டேப் பக்கமே போகாதீர்கள், வர்ணத்தோடு உரிந்து வரும்.

14. அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வர்ணம் நிற்கும், எண்ணெய் வர்ணத்தின் மேல் அக்ரிலிக் நிற்காது, நாளடைவில் செதில் செதிலாக உரியும். முகப்பிலிருந்து எண்ணெய் வர்ணம் ஓரத்துக்கு வழிந்திருந்தால் ஓரத்தையும் எண்ணெய் வர்ணத்தாலேயே முடியுங்கள்.

15. தீபாவளிக்குச் சுவருக்கு அடித்த எமல்ஷன் பெயின்ட் டின்னின் அடியில் மிஞ்சியிருக்குமே, அதை ஊற்றிவிடாதீர்கள். பழைய நைலோன் காலுறையில் வடிகட்டி அக்ரிலிக் வர்ணம் கொஞ்சம் கலந்தால் அக்ரிலிக் படத்தின் ஓரத்துக்கு மினுக்கமில்லாத நல்ல பூச்சு, நாலைந்து படத்துக்குக் காணும்.

16. டிஸ்டெம்பரும் சுண்ணாம்பும் வேண்டாம், தொட்ட கையில் ஒட்டும். கதவுக்கு அடிக்கும் எனாமலும் வேண்டாம், பளபளத்து முகப்பை மங்கடிக்கும்.

17. ஊவாவில் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை. அந்த நாட்களில் இரண்டு பூச்சுக்கு நடுவே அரை நாளாவது விடுங்கள், மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் மடிப்புக்குள்ளே ஈரம் நிற்கும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று வீசும்போது நேர் எதிர், வர்ணம் தூரிகையிலேயே காயும். அப்போது வர்ணத்தில் சில துளி தண்ணீர் சேர்த்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பூசுங்கள். தூசும் ஒட்டாது.

18. அப்புத்தளை, வெலிமடைப் பக்கக் குளிர்காலக் காலையில் அக்ரிலிக் பூசாதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் வர்ணம் ஒழுங்காகப் படலம் கட்டாது, பிறகு பொடிந்து வரும். பத்து மணி வெயில் வந்தபின் ஆரம்பித்தால் போதும்.

19. புதுக் கான்வஸோடு ஒரு சின்னப் பொட்டலத்தில் மர ஆப்புகள் வரும். முக்கால்வாசிப் பேர் அதை எறிந்துவிடுகிறார்கள்! ஈரக் காலத்தில் துணி தொய்ந்தால் மூலைச் சந்துகளில் அந்த ஆப்பை வைத்து லேசாகத் தட்டினால் மறுபடி விறைக்கும். இதை ஓரம் பூசுமுன் செய்யுங்கள். பூசியபின் தட்டினால் மூலை விரிந்து வர்ணம் வெடிக்கும்.

20. நீங்களே துணி இழுத்து அடிக்கிறீர்களா? மூலை மடிப்பு மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் விழும்படி மடியுங்கள். கண் படும் இடது வலது ஓரங்கள் வழுவழுப்பாக இருக்கும்.

21. பக்கத்தில் ஆணி தெரியும் கான்வஸுக்குப் பழைய சேலைக் கரை நல்ல மருந்து. சேலைக் கரையை நீளமாக வெட்டினால் ஐந்தரை மீட்டர் வரும், 12க்கு 16 படங்கள் மூன்றுக்குக் காணும். நூல் கரையாக எடுங்கள், ஜரிகை கொஞ்ச நாளில் கறுத்துவிடும். கீழ் ஓரத்தின் நடுவில் ஒட்டத் தொடங்கி அங்கேயே முடித்தால் இணைப்பு யாருக்கும் தெரியாது.

22. ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை காய்ச்சாதீர்கள், கரப்பானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளை மரப் பசையில் சிறிது தண்ணீர் விட்டு மெல்லிசாகப் பூசினால் போதும்.

23. ரீப்பை அடிக்க விருப்பமென்றால் தச்சுப் பட்டறையில் கழித்துப் போடும் சவுக்குக் கட்டையில் கால் அங்குலத் தகடுகள் கேட்டுப் பாருங்கள். அதற்கு வார்னிஷ் சாயம் வாங்க வேண்டாம், நம் வீட்டுத் தேயிலையே போதும். ஒரு போத்தல் வினாகிரியில் கழுவின இரும்புப் பஞ்சைப் போட்டு ஒரு நாள் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு கிளம்பும். மறுநாள் கழிவுத் தூளில் கடுஞ்சாயம் காய்ச்சி மரத்தில் பூசிக் காயவிட்டு, அதன்மேல் வினாகிரித் தண்ணீரைப் பூசுங்கள். தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து சில நிமிடத்தில் மரம் சாம்பல் கறுப்பாக மாறும், பார்த்துக்கொண்டே நிற்கலாம். கையும் கறுக்கும் என்பதால் ஷொப்பிங் பேக்கைக் கையுறையாக மாட்டிக்கொள்ளுங்கள்.

24. அந்த இரும்புச் சாயம் மரத்துக்கு மட்டும், துணியில் பட்டால் நாளடைவில் துணியை அரித்துவிடும். ரீப்பைக்கு வார்னிஷ் ஒரு கை அடித்துக் காய்ந்தபின்தான் படத்தில் பொருத்த வேண்டும். வெறும் தேயிலைச் சாயம் வேறு கதை. ஹனுஷா சோமசுந்தரம் போன்ற மலையக ஓவியர்கள் தேயிலையையே தங்கள் படைப்புகளுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

25. ரீப்பையைப் படத்தோடு ஒட்டி அடிக்காமல் பின்பக்கமாகத் திருகினால், நடுவில் அட்டைத் துண்டு ஒன்றின் கனத்துக்குச் சந்து விடலாம். படம் மிதக்கிற மாதிரி தெரியும், கடையில் இதற்குத்தான் அதிக காசு வாங்குகிறார்கள்.

26. தேயிலைத் தூள் கட்டி வரும் கடதாசிச் சாக்கு கிழிந்தால் எறியாதீர்கள். உள் அடுக்குகளைப் பிரித்துப் படத்தின் பின்பக்கம் ஒட்டினால் தூசும் சிலந்தியும் ஏறாது. காற்றுப் போக கீழ் மூலையில் மட்டும் சின்ன ஓட்டை விடுங்கள்.

27. லயச் சுவர் மழைக்காலத்தில் ஊறும், படத்தின் கீழ் ஓரத்தில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பில் இரண்டு துண்டு வெட்டிப் பின்பக்கக் கீழ் மூலைகளில் ஒட்டுங்கள். படம் சுவரை விட்டு விலகி நிற்கும், வரிசை தப்பிச் சாயவும் செய்யாது.

28. விறகடுப்பு எரியும் வீட்டில் மேல் ஓரத்தில்தான் கரி படியும். அந்த ஓரத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு வார்னிஷ் கொடுத்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிடலாம்.

29. பெயர், வருடம், அளவு எல்லாம் பின்பக்கக் கட்டையில் பென்சிலால் எழுதுங்கள். துணியின் பின்னால் மார்க்கரால் எழுதினால் மை முன்னுக்கு ஊறி வரும்.

30. பஸ்ஸில் கொண்டுபோகும்போது அடிபடுவது மூலைதான். பால்மா பெட்டி அட்டையை முக்கோணமாக மடித்து நான்கு மூலைக்கும் தொப்பி போடுங்கள். பொலித்தீனும் பத்திரிகைத் தாளும் புது வர்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கேக் சுடும் பேக்கிங் பேப்பரில் சுற்றினால் ஒட்டாது.

31. கொழும்பில் 1993இலிருந்து கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை நடக்கிறது. ஆனந்த குமாரசுவாமி மாவத்தை நடைபாதையில் படங்களை வைப்பார்கள், அங்கே வருகிறவர்கள் படத்தைக் கையில் தூக்கி ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். போகிறவர்கள் ஓர நிறப் போத்தலையும் ஒரு பழைய தூரிகையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கி வைத்ததும் உரசின இடங்களைத் தொட்டுவிட்டால், வெயில் ஏறுமுன் காய்ந்துவிடும்.