நீவாரமும் நெல்லின் நோயும்

உலகத்து மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர்க்கு அரிசியே தலையாய உணவாம். அதனைத் தரும் நெல்லைப் பற்றும் பிணிகளுள் வைரஸ் நோய்கள் கொடியன. வைரஸானது பயிரின் உயிரணுவினுட் புகுந்து, அவ்வணுவையே கருவியாகக் கொண்டு பெருகுவது. ஆதலின், நோயுற்ற பயிரை வயலிற் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோயை ஏலாத பயிரைத் தேடுதலே தக்க வழியாம். அங்ஙனம் தேடிய வரலாறொன்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

புற்குட்டை நோய் என்பது நெல்லை வளரவொட்டாது குறுக்கி, புல்லைப்போல் அளவிறந்த தூர்களை விடச்செய்வது. இலைகள் ஒடுங்கி வெளிறும்; கதிர் அரிதாகும். இதனைப் பரப்புவது உழவர் 'புகையான்' என வழங்கும் சிறு பூச்சி. வைரஸை ஒருமுறை ஏற்ற புகையான், தன் வாழ்நாள் முழுதும் அதனைச் சுமந்து, சாறு உறிஞ்சும் பயிர்தோறும் பரப்பும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், இந்நோயை எதிர்க்கும் நெல்லை நாடி 6,000-க்கும் மேற்பட்ட வித்து வகைகளைச் சோதித்தனர். பயிரிடப்படும் நெல் ஒன்றேனும் பயன்படவில்லை. நம் நாட்டு உத்தரப் பிரதேசத்தினின்று திரட்டிய காட்டுநெல் வித்தொன்றிலேயே அவ்வாற்றல் காணப்பட்டது. அதன் விஞ்ஞானப் பெயர் 'ஒரைசா நிவாரா' என்பது. முனிவர்தம் உணவென வடமொழி நூல்கள் கூறும் நீவாரமே அப்பெயர்க்கு மூலமாம்.

ஆயினும், காட்டுநெல்லை அவ்வாறே விதைத்தல் இயலாது. அதன் மணிகள் முதிருமுன்னரே உதிரும்; விளைவும் குறைவு. எனவே, விளைவு மிக்க நெல்லோடு அதனைக் கலந்து, பிறந்தவற்றுள் நோயெதிர்ப்பனவற்றை மட்டும் தெரிந்து, அவற்றை மீண்டும் மீண்டும் நல்ல நெல்லோடே கலந்தனர். தலைமுறைதோறும் காட்டியல்பு குறைந்தது. எதிர்ப்பாற்றல் மட்டும் நின்றது. அவ்வாற்றல் மேலோங்கு மரபணு ஒன்றினால் அமைந்தமை இம்முயற்சியை எளிதாக்கிற்று. இவ்வாறு 1974-ஆம் ஆண்டில் ஐ.ஆர்.28 முதலியனவும், 1976-ஆம் ஆண்டில் ஐ.ஆர்.36-உம் வெளிவந்தன. இப்பணியில் தலைநின்றவர் பஞ்சாபிற் பிறந்த குர்தேவ் சிங் குஷ் என்பார். ஐ.ஆர்.36 ஒருகாலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் விளைந்தது.

இவ்வெற்றியும் முடிந்த முடிபன்று. 1980-களில் அவ்வைரஸின் வேறொரு வகை தோன்றி, இம்மரபணுவின் காவலைக் கடந்தது. பகை உருமாறுந்தோறும் புதிய காவல் வேண்டும். அதனை எங்கே தேடுவது? குளக்கரையிலும் பள்ளங்களிலும் தானே முளைக்கும் புல்லினங்களிடத்தன்றோ? அப்பள்ளங்கள் தூர்க்கப்படின், பெயரறியா வித்துக்கள் பல நாம் சோதிக்குமுன்னரே அழிந்தொழியும். அழிந்த வித்தை மீட்டும் படைத்தல் யார்க்கும் அரிது.

தன் வயலிற் களை பறித்தல் உழவர் கடன். அக்களையின் இனம் உலகினின்று அற்றுப்போகாவண்ணம், விளையுமிடத்திலும் வித்துக் களஞ்சியத்திலும் காத்தல் அரசினர்க்கும் கற்றோர்க்கும் கடன். ஆயிரமாயிரம் வித்துக்களுள் ஒன்றே அன்று உதவிற்று என்பதை நாம் மறத்தலாகாது.